பறவை வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வர்த், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்தில் குளிர்காலம் வந்தால் கினிக்கோழிக்கும் புறாவுக்கும் கிளம்புகிற நம்மவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் துப்பாக்கி வாங்கும் முன் அவர்கள் கேட்கிற சந்தேகங்கள் வருஷா வருஷம் அதேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம். துப்பாக்கி, தோட்டா பற்றிய விவரம் எந்த ஊருக்கும் பொருந்தும். சட்டமும் பறவைகளும் தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை.

பறவைக்கு ஷாட்கன்தான் வேணுமா? வீட்டில பாயிண்ட் டூ-டூ ரைஃபிள் இருக்கே, அது போதாதா?

போதாது என்பதைவிட, கூடாது. ரைஃபிளில் ஒரே குண்டு. பறக்கிற பறவையில் அது படுவது அதிர்ஷ்டம். படாத குண்டு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கூட ஆளைக் காயப்படுத்தும். ஷாட்கன் தோட்டாவில் 150 முதல் 350 வரை சிறு ரவைகள் இருக்கும். அவை ஒரு கூட்டமாகப் போய், பறவைக்கான நம் குறியில் இருக்கும் சின்னத் தவறை ஈடுகட்டும். பறவை வேட்டை ரவை, அதன் அளவைப் பொறுத்து, 200 முதல் 300 மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும்.

12 போர், 20 போர்னு சொல்றாங்களே, நம்பர் பெருசானா துப்பாக்கியும் பெருசா?

தலைகீழ். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அதுதான் 12 போர் குழலின் அகலம்: 18.5 மி.மீ. இருபதாக உருட்டினால் உருண்டை சிறுத்து 15.6 மி.மீ. ஆகும். 28 போர் 14 மி.மீ. ‘ஃபோர்-டென்’ மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது அங்குல அளவு. குழல் சுமார் 10.4 மி.மீ.

சின்னக் குழலில் ரவை மெதுவாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், வாயில் விநாடிக்கு 400 மீட்டர் அளவில். குறைவது ரவையின் எண்ணிக்கை. 12 போரில் வழக்கமாக 28 முதல் 36 கிராம், 20 போரில் 21 முதல் 28 கிராம், ஃபோர்-டென்னில் 11 முதல் 19 கிராம். “பையன் சின்னவன், ஃபோர்-டென் வாங்கிக் கொடுக்கலாம்” என்று கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிகக் குறைந்த ரவையில் அடிக்கக் கை பழகியவருக்கான துப்பாக்கி அது.

ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்க முடியும். எதை வாங்கறது?

12 போர், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல், 71 செ.மீ. (28 அங்குலம்) நீளம், 76 மி.மீ. அறை (குழலில் தோட்டா உட்காரும் இடம்), கழற்றி மாட்டும் சோக் (குழல் வாயை இறுக்கும் துண்டு, விளக்கம் கீழே), எடை 3.2 முதல் 3.4 கிலோ. இந்த ஒன்றில் தோட்டாவையும் சோக்கையும் மாற்றிக் காடையிலிருந்து எகிப்திய வாத்துவரை போகலாம். எந்தச் சிற்றூர்க் கடையிலும் 12 போர் தோட்டா கிடைக்கும். 28 போருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

பிராண்ட் பற்றிக் கேட்டால், பணம் இருந்தால் பெரெட்டா, பிரவுனிங், மிரோக்கு. குறைந்த விலையில் நல்லது வேண்டுமென்றால் ரஷ்யப் பைக்கால். கனமாக, கரடுமுரடாக இருக்கும், ஆனால் உடையாது. எதுவானாலும் அது உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது பெயரைவிட முக்கியம். அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் அதைப் படியுங்கள்.

பக்கத்துப் பக்கத்துக் குழல், மேலும் கீழும் குழல், பம்ப், ஆட்டோமேட்டிக். எதுல என்ன வித்தியாசம்?

பக்கத்துப் பக்கத்துக் குழல் எடை குறைவு, திறக்கும் கோணமும் குறைவு, மலையேறி நாள் முழுக்க நடக்க நல்லது. மேலும் கீழும் குழலில் கண்ணுக்குக் குழல்மேல் ஓடும் ஒரே பட்டைதான் தெரியும் என்பதால் குறி எளிதாக அமையும். இரண்டிலும் உள்ள பெரிய வசதி ஒன்று: மடக்கித் திறந்தால் துப்பாக்கி காலி என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். வேலி தாண்டும்போதும் வண்டியில் ஏறும்போதும் அதற்கு விலையே இல்லை. இரண்டு குழலுக்கும் வேறு வேறு சோக் வைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த லாபம்.

பம்ப் மலிவு, சேற்றையும் தூசியையும் தாங்கும். ரெமிங்டன் 870 போன்றவை 1950இலிருந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இரண்டாவது வெடிக்கு முன் கை முன்னும் பின்னும் போகவேண்டும், அதில் பலருக்குக் குறி கலைகிறது. செமி-ஆட்டோமேட்டிக்கில், அதிலும் வாயுவால் இயங்குவதில், தோளில் உதை குறைவு. நிறையச் சுடும் புறா நாளுக்கு அது வரம். ஆனால் அழுக்கேறினால் சிக்கும், காலி தோட்டாவைப் புல்லில் எறியும், உரிமம் வாங்குவதும் கடினம். உரிமக் கேள்வியைக் கடைசிப் பகுதியில் பாருங்கள்.

சோக்னா என்ன? ஃபுல் சோக் போட்டா தூரமா அடிக்குமில்ல?

குழல் வாயை ஒரு மில்லிமீட்டருக்குள் இறுக்குவதுதான் சோக். தோட்டக் குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் குறுகிப் போகிற மாதிரி, ரவைக் கூட்டம் மெதுவாக விரியும். 12 போரில் ஏறக்குறைய 0.25 மி.மீ. இறுக்கம் கால் சோக், 0.5 அரை, 0.75 முக்கால், 1 மி.மீ. ஃபுல். இறுக்கம் இல்லாதது சிலிண்டர். 36 மீட்டரில் 75 செ.மீ. வட்டத்துக்குள் விழும் ரவை: சிலிண்டரில் 40 சதவீதம், காலில் 55, அரையில் 60, முக்காலில் 65, ஃபுல்லில் 70.

இந்த எண்களை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அரைக்கும் ஃபுல்லுக்கும் பத்து சதவீதம்தான் வித்தியாசம். அந்தப் பத்துக்காக 20 மீட்டரில் கிடைக்கும் அகலத்தை விட்டுவிடுகிறோம். பக்கத்தில் எழும்பும் கௌதாரியை ஃபுல் சோக்கில் அடித்தால் ஒன்று தவறும், இல்லை சமைக்க எதுவும் மிஞ்சாது. நடந்து வேட்டையாடுகிறவர்கள் கால், அரை இரண்டையும் மாட்டிவிட்டு ஃபுல் சோக்கைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

கழற்றும் சோக்கின் விளிம்பில் வெட்டுக் குறிகள் இருக்கும். ஒரு வெட்டு என்றால் ஃபுல். வெட்டு கூடக்கூட இறுக்கம் குறையும். இத்தாலியத் துப்பாக்கிகளில் நட்சத்திரமாகப் போட்டிருப்பார்கள், கணக்கு அதேதான். சோக்கைச் சாவியால் முழுக்க முறுக்கிவிட்டுத்தான் சுடவேண்டும். தளர்ந்த சோக்கின் பின்விளிம்பில் ரவை முட்டினால் குழல் வாயே பிளக்கும். இருபத்தைந்து வெடிக்கு ஒருமுறை துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு விரலால் முறுக்கிப் பாருங்கள்.

ஒரு கடையில 6ஆம் நம்பர் வாங்கினா சின்னதா இருக்கு, இன்னொரு கடையில பெருசா இருக்கு. ஏமாத்தறாங்களா?

இல்லை. நாட்டுக்கு நாடு எண் மாறுகிறது. ஆங்கிலேய 6 என்றால் 2.6 மி.மீ., அமெரிக்க 6 என்றால் 2.8 மி.மீ. ஆங்கிலேய 5உம் அமெரிக்க 6உம் கிட்டத்தட்ட ஒன்று. பெட்டியில் மி.மீ. அளவும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் எண் சொல்லும் இடமெல்லாம் ஆங்கிலேய எண்: 7 என்பது 2.4 மி.மீ., 6 என்பது 2.6, 5 என்பது 2.8, 4 என்பது 3.1, 3 என்பது 3.3, 1 என்பது 3.6.

ஒரு அவுன்ஸில் (28 கிராம்) 7ஆம் எண் சுமார் 340 ரவை, 6 என்றால் 270, 5 என்றால் 220, 4 என்றால் 170, 3 என்றால் 140, 1 என்றால் 100. பெரிய ரவை ஆழமாகப் போகும், ஆனால் எண்ணிக்கை குறைந்து கூட்டத்தில் ஓட்டை விழும். பறவைக்கேற்ற ரவையைத் தேர்வது என்பது இந்த இரண்டுக்கும் நடுவே இடம் பார்ப்பதுதான்.

கினிக்கோழிக்கு என்ன தோட்டா? அடிச்சாலும் ஓடிப்போயிடுதே!

கினிக்கோழி ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடை, இறுகிய இறகு, வலுவான கால். சிறகு மட்டும் உடைந்தால் இறங்கி ஓடும், நாய் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. ஓடிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் துப்பாக்கி அல்ல. பின்னாலிருந்து அடிப்பதும், 40 மீட்டருக்கு மேல் அடிப்பதும்தான். பின்பக்கத்தில் படும் ரவை குடலைத் தாண்டி இதயத்துக்குப் போகவேண்டும். குறுக்கே போகும் பறவையை, அல்லது நேரே வரும் பறவையின் தலையை அடியுங்கள்.

12 போரில் 32 கிராம், 5ஆம் எண். அதில் சுமார் 250 ரவை. அரை சோக்கில் 36 மீட்டரில் 150 அளவு வட்டத்துக்குள் விழும். கினிக்கோழி அளவுள்ள பறவைக்கு 100 முதல் 120 இருந்தால் போதும் என்பதால் இது தாராளம். சோளம் அறுத்த நிலத்தில் ஆட்கள் விரட்டி, துப்பாக்கிகளை நோக்கி உயரமாகப் பறக்கவிடும் வேட்டையில் அரை, முக்கால். நாயோடு நடந்து புதரிலிருந்து எழுப்பினால் கால், அரை. 20 போரில் 28 கிராம் 5ஆம் எண்ணும் சரிதான், 30 மீட்டருக்குள் வைத்துக்கொண்டால்.

மாலையில் மரத்தில் அடையும் கூட்டத்தை அடியில் நின்று சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குத் துப்பாக்கி தேர்வே வேண்டியதில்லை, வேட்டை என்று சொல்லவும் வேண்டியதில்லை. ஒரு மாலையில் பண்ணையின் மொத்தக் கூட்டமும் போய்விடும்.

கௌதாரிக்கு அதே துப்பாக்கி போதுமா?

துப்பாக்கி போதும், தோட்டா வேறு. மோல்டெனோ, டோர்ட்ரெக்ட் பக்கத்து மலைப்புல்வெளியில் சாம்பல்சிறகுக் கௌதாரிக்குப் போகிறவர்கள் பறவையை மோப்பம் பிடித்து அசையாமல் நின்று காட்டும் பாயிண்டர் நாய்களின் பின்னால் நாள் முழுக்க நடக்கிறார்கள். நாய் நின்ற இடத்தில், கால் அருகிலேயே ஐந்தாறு பறவை சேர்ந்து எழும். வெடி விழுவது 15 முதல் 25 மீட்டரில். 28 கிராம், 7ஆம் எண். முதல் குழல் சிலிண்டர், இரண்டாவது கால். இங்கே மூன்று கிலோவுக்குக் கீழான 20 போர் கையில் இருந்தால் மாலை நாலு மணிக்கு அதன் அருமை தெரியும். கூட்டத்தின் நடுவில் சுடாதீர்கள். ஒரு பறவையைத் தேர்ந்துகொண்டு அதை மட்டும் பாருங்கள்.

நட்டால் கரையோரத்தில் கரும்புத் தோட்ட ஓரம், ஆற்றுப் புதர்களில் இருக்கும் நட்டால் கௌதாரியும், சோள நிலத்து ஸ்வைன்சன் கௌதாரியும் இதைவிடப் பெரியவை. அவற்றுக்கு 30 கிராம், 6ஆம் எண். மிட்லாண்ட்ஸ் பக்கத்துச் சிவப்புச்சிறகுக் கௌதாரி மாடு மேய்ந்து தேய்ந்த புல்வெளியில் தாங்காது. எண்ணிக்கை குறைந்த பண்ணையில் நாய்க்கு மட்டும் வேலை கொடுத்துவிட்டுத் திரும்புவதே நல்லது.

புறாவுக்கு எவ்வளவு முன்னாடி குறி வைக்கணும்?

கணக்குப் பார்ப்போம். 36 மீட்டர் போக ரவைக்கு ஏறக்குறைய 0.13 விநாடி ஆகும். குறுக்கே மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் புறா அதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 20 மீட்டரில் ஒரு மீட்டர் போதும். எண்ணி அளந்து சுடமுடியாது. பறவையின் பின்னாலிருந்து அதன் பாதையிலேயே குழலை வீசி, தாண்டும்போது விசையை அழுத்தி, அழுத்திய பிறகும் வீச்சை நிறுத்தாமல் இருக்கவேண்டும். தவறுகிறவர்களில் பெரும்பாலோர் அழுத்தும் கணத்தில் குழலை நிறுத்திவிடுகிறார்கள். ரவை வால்பக்கம் போகும்.

ஃப்ரீ ஸ்டேட், நார்த் வெஸ்ட் சூரியகாந்தி நிலங்களில் பாறைப்புறா நாள் ஒன்றுக்கு நூறு தோட்டா கேட்கும். புறா 350 கிராம்தான், அதனால் 28 கிராம் 7ஆம் எண் போதும், கால் சோக். இங்கே கனமான துப்பாக்கி வேண்டும். இலேசான துப்பாக்கியில் அறுபதாவது வெடிக்குள் தோள் கன்றி, கண் தானாக மூட ஆரம்பிக்கும். முக்கியமாக, சுடும் முன் பறவையைப் பாருங்கள். பாறைப்புறாவுக்குச் செங்கல் நிறச் சிறகில் வெள்ளைப் புள்ளி, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். காலில் வளையம் போட்டுக் கூட்டமாக நேராகப் பறப்பது யாரோ ஆசையாக வளர்க்கும் பந்தயப் புறா.

வாத்துக்கு?

எகிப்திய வாத்து சுமார் இரண்டு கிலோ. ஸ்பர்விங் ஆண் வாத்து ஆறு கிலோவைத் தொடும். அவ்வளவு பெரிய பறவை பக்கத்தில் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும், வேகமும் குறைவாகத் தெரியும். இரண்டும் பொய். பறவையின் கண் தனியாகத் தெரியும்வரை காத்திருங்கள். 12 போரில் 36 கிராம், எகிப்திய வாத்துக்கு 3ஆம் எண், ஸ்பர்விங்குக்கு 1. சோக் அரை. 36 கிராம் 3ஆம் எண்ணில் 180 அளவு ரவை, அதில் 107 வட்டத்துக்குள். வாத்துக்கு 60, 70 போதும்.

குழிக்குள்ளோ வைக்கோல் மறைவுக்குள்ளோ உட்கார்ந்து சுடுவதால், மடக்கித் திறக்கும் துப்பாக்கி மறைவின் வேலியில் முட்டும். செமி-ஆட்டோ வசதியாக இருக்கும் ஒரே வேட்டை இதுதான், புறாவைத் தவிர. அணையில் சுடுவதானால் ஸ்டீல் ரவை பற்றிய கேள்வியையும் பாருங்கள்.

காடை, உள்ளான்?

காடை நூறு கிராம். 24 கிராம், 7 அல்லது அதைவிடச் சின்ன ரவை, சிலிண்டர். உள்ளானுக்கும் அதே. வேறு ஒன்றும் யோசிக்கவேண்டாம்.

கடையில தோள்ல வச்சுப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. நிலத்தில ஒண்ணும் விழல. ஏன்?

ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. தோளில் வைக்கும் கட்டை உங்கள் கன்னத்தை எங்கே நிறுத்துகிறதோ அங்கிருந்துதான் ரவை போகும். கடையில் மெதுவாகத் தோளில் வைத்து, தலையை நகர்த்திக் குறியைச் சரிசெய்துகொள்கிறோம். கௌதாரி அந்த அவகாசம் தராது.

சரியான சோதனை இது. துப்பாக்கி காலி என்று இரண்டுமுறை பார்த்துக்கொண்டு, சுவரில் ஒரு புள்ளியை முறைத்துப் பாருங்கள். கண்ணை மூடித் தோளில் ஏற்றுங்கள், கன்னத்தைக் கட்டையில் பதித்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். பட்டையின் நடுவில், குழல் நுனியில் உள்ள சின்ன முனை மணி புள்ளியின்மேல் இருந்தால் சரி. பட்டை நிறையத் தெரிந்தால் கட்டை உயரம், வெடி மேலே போகும். பட்டை தெரியவே இல்லை, பூட்டின் (குழலும் கட்டையும் சேரும் இரும்புப் பகுதி) பின்புறம்தான் தெரிகிறது என்றால் கட்டை தாழ்வு. பக்கவாட்டில் தெரிந்தால் கட்டையின் வளைவு சரியில்லை. மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். விசையிலிருந்து கட்டை முடிவுவரை பெரும்பாலான வளர்ந்த ஆண்களுக்கு 36, 37 செ.மீ. ஆகும். ஆனால் அண்டர்பெர்க் பக்கத்து உறைபனிக் காலையில் போடும் தடித்த ஜாக்கெட் ஒரு செ.மீ.க்கு மேல் சாப்பிட்டுவிடும். வேட்டை உடையோடு அளவு பாருங்கள். தடித்த உடையில் நீளக் கட்டை அக்குளில் மாட்டும்.

இதோடு ஆளும் கண் எது என்று பார்க்கவேண்டும். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் வைத்து, தூரத்து விளக்கை அதற்குள் பாருங்கள். ஒரு கண்ணை மூடி மூடித் திறந்தால், எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது விளக்கு முக்கோணத்துக்குள்ளேயே நிற்கிறதோ அது ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால் ரவை இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும், எந்தத் துப்பாக்கி வாங்கினாலும். புதிதாகக் கற்கிறவர் இடத்தோளுக்கு மாறிவிடலாம். பழகிவிட்டவர் பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்பக்கத்தில், கண்மணிக்கு நேரே விரல்நக அளவு மங்கல் டேப் ஒட்டிப் பார்க்கலாம்.

சரி, பொருந்துதான்னு சுட்டுப் பார்க்கறது எப்படி?

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தாளை, பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் மாட்டுங்கள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. 14.6 மீட்டரில் (16 கெஜம்) நின்று, இறுக்கமான சோக் போட்டு, புள்ளியை மட்டும் பார்த்தபடி தோளில் ஏற்றியவுடன் சுடுங்கள். குறி பார்க்கக்கூடாது. எட்டு வெடிக்குப் பிறகு ரவை எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்று அளவிடுங்கள். கண்ணிலிருந்து முனை மணிக்கு ஒரு கெஜம், தாளுக்குப் பதினாறு கெஜம் என்பதால் தாளில் 25 மி.மீ. விலகலுக்குக் கட்டையில் 1.6 மி.மீ. மாற்றவேண்டும். 10 செ.மீ. தாழ்ந்து விழுந்தால் கட்டை மேட்டை (கன்னம் படும் மேல்விளிம்பை) ஆறு மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாக உயர்த்தவேண்டும். முதலில் ஒட்டும் பஞ்சுப்பட்டையால் உயர்த்திப் பாருங்கள், மரத்தைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் பிறகு கொடுக்கலாம்.

அடுத்து 36 மீட்டரில், வேட்டைக்கு வைத்திருக்கும் தோட்டாவால் ஐந்து தாள். ஒவ்வொன்றிலும் ரவை அதிகம் விழுந்த இடத்தை நடுவாக வைத்து 75 செ.மீ. வட்டம் போட்டு எண்ணுங்கள். மேலே சொன்ன சதவீதம் வருகிறதா, பறவை நுழையும் அளவு வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே குழல், ஒரே சோக், வேறு தோட்டா என்றால் கூட்டம் மாறும். விலை கூடிய தோட்டா எப்போதும் நல்ல கூட்டம் தருவதில்லை.

தாத்தா காலத்துப் பக்கத்துக்குழல் ஒண்ணு வீட்டில இருக்கு. சுடலாமா?

முதலில் சட்டம்: இறந்தவர் பெயரில் இருந்த உரிமம் உங்களுக்கு வராது. வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கவேண்டும்.

பிறகு அறையின் நீளம். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் 65 மி.மீ. 70 மி.மீ. தோட்டா உள்ளே தடையில்லாமல் போகும், ஏனென்றால் தோட்டாவின் நீளம் வாய் விரிந்த பின் அளப்பது. வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் நெரிந்து அழுத்தம் ஏறும். குழலில் சுருள் சுருளாக மரக்கோடு மாதிரி தெரிந்தால் அது டமாஸ்கஸ், அதாவது இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்துச் செய்த பழங்காலக் குழல். பழுதுபார்ப்பவர் சோதித்து, எழுதிக் கொடுக்காமல் இன்றைய தோட்டா போடவேண்டாம். வீட்டிலேயே மூன்று சோதனை செய்யலாம். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டையைப் பிடித்துக் குலுக்குங்கள்; கடகடவென்றால் கீல் தேய்ந்திருக்கிறது. குழலை மட்டும் கொக்கியில் தொங்கவிட்டுச் சின்ன மரக்குச்சியால் தட்டுங்கள்; மணி மாதிரி ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டை விட்டிருக்கிறது. குழல் உள்ளே வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். வளையமாக ஒரு நிழல் தெரிந்தால் உப்பல். உப்பிய குழல் சுவருக்குத்தான்.

வீட்டம்மாவும் வர்றேங்கறாங்க. உதை குறைஞ்சது எது?

தோட்டாவின் ரவை எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி எடை இருந்தால் உதை தாங்கும் என்பது பழைய கணக்கு. 28 கிராமுக்கு 2.7 கிலோ, 32க்கு 3.07, 36க்கு 3.46. இலேசான 20 போரில் 28 கிராம் போட்டால், கனமான 12 போரில் 24 கிராமைவிட அதிகம் உதைக்கும். “சின்னது, அதனால் மென்மை” என்று எடுத்துக் கொடுத்து முதல் நாளே பயமுறுத்திவிடுகிறார்கள். 20 போர் வாங்கினால் 24 கிராமில் தொடங்குங்கள். கட்டை நீளத்தை அவர் உடம்புக்கு வெட்டி, ரப்பர் திண்டு போடுங்கள். கணவரின் துப்பாக்கியில் பழகுவது வேண்டாம்.

12 போரும் 20 போரும் ஒரே பையில வச்சுக்கலாமா?

கூடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் நழுவி, முன்னால் குறுகலில் போய் நின்றுகொள்ளும். திறந்து பார்த்தால் அறை காலி மாதிரி தெரியும். வெடிக்கவில்லையே என்று 12ஐப் போட்டு அழுத்தினால் குழல் கையில் வெடிக்கும். இதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம். ‘டிக்’ என்று சத்தம் மட்டும் கேட்டால் அரை நிமிஷம் குழலைத் தரையை நோக்கி வைத்திருந்து, திறந்து, குழலை வெளிச்சத்தில் முழுக்கப் பாருங்கள். வெடி ‘புஸ்’ என்று சோர்ந்து கேட்டாலும் அப்படியே. தோட்டாவில் ரவையைத் தாங்கியிருந்து உள்ளே சிக்கிய பிளாஸ்டிக் கிண்ணம் அடுத்த வெடியில் குழலைப் பிளக்கும்.

ஸ்டீல் ரவை பழைய துப்பாக்கியில போடலாமா? எதுக்கு அது?

அணையடியில் விழுந்த ஈய ரவையை வாத்து கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகிறது. தென்னாப்பிரிக்கா சேர்ந்திருக்கும் ஆப்பிரிக்க-யூரேசிய நீர்ப்பறவை ஒப்பந்தமும் ஈர நிலங்களில் ஈயத்தைக் கைவிடச் சொல்கிறது. ஸ்டீல் ஈயத்தைவிட இலேசு, அதனால் இரண்டு எண் பெரிய ரவை எடுங்கள். ஈயத்தில் 3 போட்ட இடத்தில் ஸ்டீலில் 1.

ஸ்டீல் நசுங்காது. அரை சோக்குக்கு மேல் இறுக்கம் வேண்டாம். அழுத்தம் கூடிய ஸ்டீல் தோட்டாவுக்குக் குழலில், அதற்காகச் சோதித்ததைக் காட்டும் லில்லிப் பூ முத்திரை இருக்கவேண்டும். மேலே சொன்ன தாத்தா துப்பாக்கியில் எந்த ஸ்டீலும் போடாதீர்கள். பாறையும் தண்ணீரும் ஸ்டீலைத் திருப்பி எறியும் என்பதால் கண்ணாடி கட்டாயம்.

உரிமத்துக்கு எந்தப் பிரிவில போடணும்? வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்கின பம்பைக் கொண்டு போகலாமா?

2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் முதலில் தகுதிச் சான்று. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளரிடம் ஷாட்கன் பயிற்சி முடித்து, உங்கள் காவல் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரியிடம் 517 படிவம். அது வந்த பிறகு துப்பாக்கிக்கு 271 படிவம். எப்போதாவது வேட்டையாடுகிறவருக்குப் பிரிவு 15. இதில் செமி-ஆட்டோ கிடையாது, மொத்தம் நாலு துப்பாக்கிக்கு மேல் கூடாது. அங்கீகாரம் பெற்ற வேட்டைச் சங்கத்தில் சேர்ந்து தகுதி வாங்கினவருக்குப் பிரிவு 16. அதில் அடுத்தடுத்து ஐந்து வெடிக்கு மேல் போகாத செமி-ஆட்டோ ஷாட்கன் வாங்கலாம். இரண்டும் பத்து வருஷம். முடிவதற்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள், ஒரு நாள் தாமதமும் பெரிய தலைவலி.

பாதுகாப்புக்கான பிரிவு 13 துப்பாக்கியை, பாதுகாப்பான இடத்தில் சட்டப்படியான வேலைக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 50 செ.மீ. குழல், சோக் இல்லாத பம்பால் 25 மீட்டருக்கு மேல் ஒன்றும் நடக்காது. கௌதாரிக்கு வேண்டுமானால் பாருங்கள். இன்னொரு விஷயம்: பிரிவு 16 இல்லாதவர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. கடையில் மொத்தமாக விற்கும் பெட்டியில் 250 இருக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி நண்பர் துப்பாக்கியில சுட்டுப் பார்க்கலாமா?

அவர் பக்கத்திலேயே நின்று கண்காணித்தால், பாதுகாப்பான இடத்தில், சட்டப்படியான வேலைக்கு என்றால் பார்க்கலாம். அவர் தேநீர் குடிக்கப் போனால் துப்பாக்கியும் அவரோடு போகவேண்டும்.

பண்ணைக்காரர் சரின்னுட்டார். வேற என்ன வேணும்?

அவர் எழுத்தில் சரி என்று தரவேண்டும். க்வாசூலு-நட்டாலில் மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோ தரும் வேட்டை உரிமமும் வேண்டும். பருவத் தேதியும் நாள் கணக்கும் பறவைக்குப் பறவை, மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அந்த வருஷ அறிவிப்பை வாசிக்காமல் போகாதீர்கள். கரையோரத்தில் குளிர்காலம்தான் கரும்பு வெட்டும் காலமும். கரும்புக்குள் ஆள் இருப்பது தெரியாது. காலையிலேயே எந்த வயலில் வெட்டு என்று கேட்டுக்கொண்டு, அதற்கு 300 மீட்டர் தள்ளி நில்லுங்கள். வரிசையாக நடக்கும்போது குழல் பக்கத்து ஆள்மேல் வரும் முன் வானத்தைப் பார்த்து உயரவேண்டும், வானம் பின்னால் தெரியாத தாழ்ந்த பறவையை விட்டுவிடவேண்டும்.

டர்பன் ஈரத்துல குழல் துருப்பிடிக்குது. என்ன செய்ய?

உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். வேட்டை முடிந்த அன்றே பித்தளைத் தூரிகையும் கரைப்பானும் போட்டு, அறைக்கு முன்னால் படியும் பிளாஸ்டிக் கறையை எடுத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சோக்கைக் கழற்றி மரையில் கிரீஸ் தொட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் ஒரு வருஷத்தில் கழலாது. துப்பாக்கி வைக்கும் பூட்டுப் பெட்டி தென்னாப்பிரிக்கத் தர அமைப்பின் எஸ்ஏபிஎஸ் 953 தரத்தில் இருக்கவேண்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் பை ஒன்றைப் போட்டு, மாதம் ஒருமுறை காயவையுங்கள்.

குழம்புல ரவை கடிபடுது. துப்பாக்கியை மாத்தணுமா?

துப்பாக்கியை அல்ல. பறவையை இன்னும் பத்து மீட்டர் போகவிடுங்கள், சோக்கைத் தளர்த்துங்கள், 7க்குப் பதில் 5 எடுங்கள். பெரிய ரவை எண்ணிக்கையில் குறைவு, தேடவும் எளிது.

தோலுரித்த பின் இறைச்சியில் கறுத்த துளைகளைத் தேடுங்கள். ரவை இறகையும் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். இறகு முனை தெரிந்தால் சிறு இடுக்கியால் அதைப் பிடித்து இழுங்கள், பின்னாலேயே ரவை வரும். துளையைச் சுற்றி நசுங்கிய சதையை வெட்டி எறியுங்கள், அதில் ஈயத்தூள் இருக்கும். இதையெல்லாம் புளி ஊற்றும் முன்பே செய்யவேண்டும், புளிப்பில் ஈயம் கரையும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஈய ரவையால் அடித்த கறி கொடுக்காதீர்கள்.